நரம்பிழையின் சிதைவும் ரத்தத்தின் சாட்சியமும்

இதயத் தசை சேதமுற்றால் ரத்தத்தில் டிரோபோனின் உயர்கிறது. சிறுநீரகம் தளர்ந்தால் கிரியாட்டினின் ஏறுகிறது. கல்லீரல் அழற்சியுற்றால் எஸ்.ஜி.பி.டி. என்னும் நொதி இயல்பளவைத் தாண்டுகிறது. உள்ளுறுப்புகளுக்கு நேரும் கேட்டைக் கையிலிருந்து எடுத்த சில மில்லிலிட்டர் ரத்தத்தில் அளந்தறியும் வசதி பல பத்தாண்டுகளாக மருத்துவத்துக்கு இருந்துவந்தபோதும், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உடலெங்கும் பரவிய நரம்புகளுக்கும் அப்படியோர் அளவுகோல் இல்லாமலே இருந்தது. நரம்பியல் மருத்துவர் நோயாளியின் நடையையும் பார்வையையும் அனிச்சைச் செயல்களையும் சோதித்தும், எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தும், நரம்புகளில் மின்துடிப்பு செல்லும் வேகத்தை அளந்தும் சேதத்தைக் கணித்தார். இவை யாவும் சேதம் எங்கே நேர்ந்தது, அதனால் எந்தச் செயல் குன்றியது என்பதைச் சொல்லுமே தவிர, இந்த மாதத்தில் நரம்பு எத்தனை வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது என்ற கேள்விக்கு நேரான விடை தருவதில்லை. அந்த விடையை ஓரளவு தரக்கூடிய ரத்தப் பரிசோதனை ஒன்று கடந்த பத்தாண்டுகளில் ஆய்வுக்கூடத்தைக் கடந்து மருத்துவமனைக்குள் வந்திருக்கிறது. அதன் பயன் பெரிது. அதைத் தவறாகப் படிப்பதற்கான வாய்ப்பும் சிறிதன்று.

இப்பரிசோதனை அளப்பது நியூரோஃபிலமென்ட் என்னும் புரதத்தை. ஒவ்வொரு நரம்பணுவிலிருந்தும் ஆக்சான் எனப்படும் நீண்ட இழை புறப்பட்டு, மின்துடிப்பை அடுத்த அணுவுக்கோ தசைக்கோ கொண்டுசேர்க்கிறது. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரலை நோக்கிச் செல்லும் ஆக்சான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அதன் விட்டமோ ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. இத்தனை மெல்லிய இழை குலையாமல் நிற்க, ஓலைக் கூரைக்குள் மூங்கில் வரிச்சு ஓடுவதுபோல, அதன் உட்புறம் நெடுகிலும் சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள புரத நார்கள் ஓடுகின்றன. இந்நார்கள் எடையால் வேறுபட்ட பல உட்கூறுகள் பின்னிப் பிணைந்து உருவானவை. அவற்றுள் எடை குறைந்ததும் மிகுதியாக இருப்பதுமான இலகு சங்கிலியே சுருக்கமாக என்.எஃப்.எல். என்று வழங்கப்படுகிறது. நலமாக இருப்பவரிடத்தும் இது சிறிதளவு கசிந்துகொண்டேயிருக்கும். ஆக்சான் அறுந்தாலோ நசிந்தாலோ நோயால் சிதைந்தாலோ கசிவு பெருகி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள மூளைத்தண்டுவட நீரில் முதலில் கலந்து, அங்கிருந்து ரத்தத்தை அடைகிறது. நரம்பணுக்களுக்கே உரிய புரதம் என்பதால், ரத்தத்தில் அதன் அளவு கூடியிருந்தால் உடலில் எங்கோ ஆக்சான்கள் சிதைகின்றன என்று நம்பிக்கையோடு கூறலாம். உடலுக்குள் நடக்கும் ஒரு நிகழ்வை வெளியிலிருந்து அளக்க உதவும் இத்தகைய பொருளையே உயிர்க்குறிப்பான் என்கின்றனர்.

ஸ்வீடனின் கோதன்பர்க் நகர ஆய்வாளர்கள் 1996-இல், ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மூளைத்தண்டுவட நீரில் இப்புரதம் மிகுந்திருப்பதை வெளியிட்டனர். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக மடிந்து, கை கால் அசைவும் பேச்சும் விழுங்கும் திறனும் இறுதியில் மூச்சும் ஒடுங்குகிற நோய் அது. ஆயினும் மூளைத்தண்டுவட நீரைப் பெற முதுகில் ஊசி செலுத்த வேண்டும். அதை மாதந்தோறும் ஒருவருக்குச் செய்துகொண்டிருக்க இயலாது. ரத்தத்தில் அளக்கலாமே என்றால், அங்கே இப்புரதம் மூளைத்தண்டுவட நீரில் உள்ளதில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான் இருந்தது. நலமான இளவயதினரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அது சில பிக்கோகிராம் மட்டுமே. ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம். எலைசா என்னும் பழைய முறையின் அளவெல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 78 பிக்கோகிராமிலேயே நின்றுவிட்டதால், நலமானவரின் ரத்தமும் நோய் தொடங்கியவரின் ரத்தமும் அம்முறைக்கு ஒன்றுபோலவே தோன்றின.

இந்தத் தடையை அகற்றியது, அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் டேவிட் வால்ட்டும் உடனுழைத்தோரும் உருவாக்கி 2010-இல் வெளியிட்ட சிமோவா என்னும் தனிமூலக்கூறு அளவீட்டு முறை. தேடப்படும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகள் ரத்த மாதிரியில் கலக்கப்படுகின்றன. புரத மூலக்கூறுகளைவிட மணிகள் மிகப்பல என்பதால், ஒரு மணியில் ஒரு மூலக்கூறு ஒட்டும் அல்லது ஒன்றும் ஒட்டாது. பின்னர் ஒரு மணி மட்டுமே நுழையக்கூடிய குழிகள் ஆயிரக்கணக்கில் அமைந்த தட்டில் அவை இடப்பட, புரதத்தைச் சுமந்த மணி விழுந்த குழி ஒளிர்கிறது, மற்றது இருண்டிருக்கிறது. கலவை முழுவதன் மங்கலான ஒளியை அளப்பதற்குப் பதிலாக ஒளிரும் குழிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதே இம்முறையின் நுட்பம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வுக்குழு 2016-இல் மூன்று முறைகளை ஒப்பிட்டபோது, சிமோவா எலைசாவைவிட 126 மடங்கு நுண்ணுணர்வுடன் ஒரு மில்லிலிட்டருக்கு 0.62 பிக்கோகிராம் வரை அளந்தது. அதன்பின் வழக்கமான மருத்துவ ஆய்வகங்களின் தானியங்கிக் கருவிகளில் இயங்கத்தக்க சோதனைகளும் வந்துவிட்டன. மாதிரி எடுத்த பின் அறை வெப்பத்தில் சில நாள் இருந்தாலும் இப்புரதம் பெரிதும் கெடுவதில்லை என்பது, தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு ரத்தத்தை அனுப்ப வேண்டிய ஊர்களுக்கு மிகுந்த உதவி.

அளக்க முடிந்ததும் அடுத்த சிக்கல் எழுந்தது: கையில் கிடைத்த எண்ணுக்குப் பொருள் என்ன? இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது அவசியம், ஏனெனில் பரிசோதனையின் முழுப் பயனும் இதைப் புரிந்துகொள்வதில் அடங்கியிருக்கிறது. என்.எஃப்.எல். வயதோடு உயர்கிறது, அறுபதைக் கடந்தபின் அவ்வுயர்வு விரைவதோடு, ஒருவருக்கொருவர் வேறுபாடும் விரிகிறது. ஆகவே மில்லிலிட்டருக்கு 20 பிக்கோகிராம் என்பது இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் கவலைக்குரியதாகவும் எழுபது வயது முதியவரிடம் முற்றிலும் இயல்பானதாகவும் இருக்கக்கூடும். உடல் பருத்தவரிடம் ரத்தத்தின் கொள்ளளவு மிகுவதால் புரதம் நீர்த்து, எண் குறைவாகத் தெரிகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குன்றியவரிடமும் நீரிழிவு உள்ளவரிடமும் எண் கூடுகிறது. இரத்த நீரைப் பிளாஸ்மாவாகப் பிரித்து அளப்பதற்கும், உறையவிட்டுச் சீரமாகப் பிரித்து அளப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு நிறுவனத்தின் கருவி தரும் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடவும் முடியாது. இவற்றையெல்லாம் கணக்கில்கொள்ளவே, பாசல் குழு 5,390 பேரிடம் பெற்ற 10,133 ரத்த மாதிரிகளைக் கொண்டு ஒரு மேற்கோள் தொகுப்பை உருவாக்கி 2022-இல் வெளியிட்டது. அதன்படி ஒருவரின் எண், அவர் வயதும் உடற்பருமனும் ஒத்த நலமான மக்களின் சராசரியிலிருந்து எத்தனை விலகியிருக்கிறது என்பது இசட் மதிப்பெண்ணாகக் கணக்கிடப்படுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பியல் நோயுள்ளவர்களிடம் அம்மதிப்பெண் 1.5-ஐத் தாண்டினால், அவர்கள் நலமாகத் தோன்றும் வேளையிலும், அடுத்த ஓராண்டில் நோய் தலைதூக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

எண்ணுக்குக் காலமும் உண்டு. மூளையில் ரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வந்தவரிடம் என்.எஃப்.எல். உடனே உச்சத்தை அடைவதில்லை. சில வாரங்கள் ஏறி, பிறகு மாதக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. ஆக, இன்று எடுத்த ரத்தம் இன்றைய நிலையை மட்டுமன்றிக் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சேதத்தையும் சேர்த்தே சொல்கிறது. மருந்து தொடங்கிய இரண்டாம் வாரத்தில் மீண்டும் அளந்து, எண் இறங்கவில்லையென்று வருந்துவதோ மருந்தை மாற்றுவதோ இதனால் பொருளற்றதாகிவிடுகிறது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூளையிலும் தண்டுவடத்திலும் ஆக்சான்களைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறையைத் தாக்கும் நோய். உறை மட்டும் உரிந்தால் உடல் அதை ஓரளவு மீண்டும் போர்த்திக்கொள்கிறது. உள்ளிருக்கும் ஆக்சான் அறுந்தால் அந்த இழப்பு நிலையானது. இந்நோயில் நரம்பியல் மருத்துவர் அன்றாடம் எதிர்கொள்ளும் வினா, கொடுத்துவரும் மருந்து போதுமா, வலிமை கூடியதற்கு மாற வேண்டுமா என்பதே. வலிமையான மருந்துகள் தொற்றுகளுக்கு வழிவிடுவதால் தேவையின்றி மாறுவதும் தீங்கு, தேவைப்படும்போது தயங்குவதும் தீங்கு. ஆறு மாதத்துக்கொருமுறை எம்.ஆர்.ஐ. எடுப்பது செலவும் அலைச்சலும் மிக்கது. இடைப்பட்ட மாதங்களில் சீராக இருந்த என்.எஃப்.எல். திடீரென ஏறினால், அது முன்கூட்டியே படம் எடுக்கத் தூண்டும் அறிகுறியாகிறது. இருந்தும் இந்நோயில் இதற்கோர் எல்லையுண்டு: புதிய தாக்குதல்கள் ஏதுமின்றி ஆண்டுக்கணக்கில் மெதுவாக ஊனம் கூடும் நோயாளிகளிடம் எண் அதிகம் அசைவதில்லை. மூளையின் துணையணுக்களான ஆஸ்ட்ரோசைட்டுகளிலிருந்து வரும் ஜி.எஃப்.ஏ.பி. என்னும் மற்றொரு புரதம் அந்த மெதுவான போக்கைக் கூடுதலாகக் காட்டுகிறது என்பது அண்மை ஆய்வுகளின் முடிவு.

மூளைக்கு வெளியேயுள்ள புற நரம்புகளின் சேதமும் இதே எண்ணில் வெளிப்படுகிறது. சில நாட்களில் கை கால்களை முடக்கிப்போடும் கியான்-பரே நோய்த்தொகுதியில், மருத்துவமனையில் சேரும்போதே என்.எஃப்.எல். மிகவுயர்ந்திருப்பவர்கள் மீண்டெழுவது தாமதமாகிறது, சிலரிடம் குறைபாடு எஞ்சுகிறது. மயலின் மட்டுமன்றி ஆக்சானும் அழிந்ததன் அடையாளம் அது. புற்றுநோய்க்கான பாக்லிடாக்சல் போன்ற மருந்துகள் விரல்நுனிகளில் உண்டாக்கும் மரமரப்பு, மருந்தின் திரண்ட அளவுக்கேற்ப ஏறும் எண்ணில் தெரியவருகிறது. ஆனால் இப்புரதம் மயலின் போர்த்திய தடித்த ஆக்சான்களிலேயே நிறைந்திருப்பதால், வலியையும் வெப்பத்தையும் கடத்தும் மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருக்கும் நோயாளியிடம் எண் இயல்பாகவே இருந்துவிடலாம். பாதம் எரிகிறது என்று சொல்பவரிடம், உங்கள் ரத்தம் நன்றாக இருக்கிறது, நரம்பில் குறையொன்றுமில்லை என்று கூறி அனுப்பிவிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

மனநல மருத்துவத்துக்கும் நரம்பியலுக்கும் இடையிலுள்ள ஓர் இருண்ட பகுதியில் இப்பரிசோதனை தரும் உதவி தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஐம்பது வயதை ஒட்டியவரின் குணம் மாறி, கூச்சமும் பரிவும் அற்றுப்போய், பொருந்தாத செயல்களில் இறங்கும்போது, அது மனச்சோர்வு போன்ற மனநோயா, நெற்றி, பொட்டுப் பகுதிகளில் மூளை சுருங்கும் மறதிநோயின் தொடக்கமா என்பதைத் தீர்மானிக்கக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் மருத்துவர்களைத் தேடியலைவது வழக்கமாக இருந்தது. பின்னதில் ஆக்சான்கள் விரைந்து அழிவதால் எண் தெளிவாக உயர்கிறது; மனநோயில் அது வயதுக்குரிய அளவிலேயே பெரும்பாலும் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். பார்க்கின்சன் நோயையும், தொடக்கத்தில் அதைப் போலவே தோன்றி வேகமாக முற்றும் வேறு நோய்களையும் பிரித்தறிவதிலும் இதே தர்க்கம் செல்லுபடியாவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினர்.

தலைக்காயத்தின் கதை வேறுவகையானது, ஏனெனில் அங்கே வாரங்கள் காத்திருக்க நேரமில்லை. மெதுவாக ஏறும் என்.எஃப்.எல். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பயன்படாததால், சில மணி நேரத்திலேயே உயரும் ஜி.எஃப்.ஏ.பி. புரதமும், நரம்பணுக்களிலிருந்து வரும் யு.சி.எச்.-எல்1 நொதியும் சேர்ந்து அளக்கப்படுகின்றன. இலேசான தலைக்காயத்துடன் வந்த 1,959 பேரிடம் நடந்த ஆய்வில், சி.டி. ஸ்கேனில் உட்காயம் தெரிந்தவர்கள் 125 பேர். அவர்களுள் மூவரை மட்டுமே ரத்தப் பரிசோதனை தவறவிட்டது. அதனடிப்படையில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் இதற்கு அனுமதி தந்தது. 2024-இல் ஆய்வகத்துக்கு அனுப்பாமலே, நோயாளியின் அருகில் 15 நிமிடத்தில் விடை தரும் வடிவமும் அனுமதி பெற்றது. எண் இயல்பாக இருந்தால் ஸ்கேனின் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்பதே இதன் பயன். எண் உயர்ந்தவர்களுள் பெரும்பாலோருக்கு ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலிருக்கும் என்பதால், இது காயத்தை உறுதிசெய்யும் சோதனையன்று.

இவை யாவற்றிலும் ஒரு பொதுக் குறைபாடு ஊடுருவியிருக்கிறது. என்.எஃப்.எல். எவ்வளவு என்று சொல்லும். ஏன் என்றோ எங்கே என்றோ சொல்லாது. தண்டுவடத்தில் அழற்சி கண்டவரும், கையில் நரம்பு அறுபட்டவரும், மூளையில் நோய் முற்றியவரும் ஒரே எண்ணைப் பெறக்கூடும். இந்தியாவைப் பொறுத்தவரை இந்தக் குறைபாடு இன்னும் கூர்மையடைகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு; நீரிழிவும் அதன் வழிவரும் சிறுநீரகத் தளர்வும் எண்ணை உயர்த்துபவை. மேற்கோள் தொகுப்புகளோ பெரிதும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களின் ரத்தத்திலிருந்து உருவானவை. இந்நிலையில், எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர் முழுவுடல் பரிசோதனைத் தொகுப்பின் ஓர் அங்கமாக இதைச் செய்துகொண்டு, உயர்ந்த எண்ணைக் கண்டு மறதிநோய் வந்துவிட்டதென அஞ்சி வாழ்வது முற்றிலும் தவிர்க்கத்தக்க துன்பம். கேட்பதற்குத் தெளிவான ஒரு மருத்துவ வினா இருக்கும்போது, அதே ஆய்வகத்தில், அதே முறையில், அதே மனிதரிடம் மீண்டும் மீண்டும் அளந்து, அவரை அவரோடே ஒப்பிடும்போதுதான் இப்பரிசோதனை தன் உண்மையான வலிமையைக் காட்டுகிறது.

அவ்வலிமை மிகத் துல்லியமாக வெளிப்பட்டது, முதன்முதலில் இப்புரதம் கவனத்துக்கு வந்த அதே ஏ.எல்.எஸ். நோயில்தான். இந்நோயாளிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு இருவரிடம் எஸ்.ஓ.டி.1 என்னும் மரபணுவில் பிழை காணப்படுகிறது. அப்பிழை 1993-இல் கண்டறியப்பட்டது. பிழையுள்ள மரபணுவின் செய்தியை இடைமறித்து அழித்து, நச்சுப் புரதம் உருவாவதைக் குறைக்கும் டோஃபர்சன் என்னும் மருந்து, முதுகின் வழியே மூளைத்தண்டுவட நீரில் செலுத்தப்படுவது. 108 பேர் பங்கேற்ற ஆய்வில், மருந்து பெற்றவர்களின் உடலியக்கத் திறன் பெறாதவர்களைவிட மேம்பட்டிருந்தது என்று 28 வாரங்களில் உறுதியாகக் கூற இயலவில்லை. வழக்கமான அளவுகோலின்படி ஆய்வு தோல்வியே. ஆயினும் மருந்து பெற்றவர்களின் ரத்தத்தில் என்.எஃப்.எல். பாதிக்கும் கீழே இறங்கியிருக்க, மற்றவர்களிடம் அது சற்றே ஏறியிருந்தது. மோட்டார் நரம்பணுக்கள் மடியும் வேகம் தணிந்துவிட்டது, உடலின் வலிமையில் அது தென்படக் கூடுதல் காலம் வேண்டும் என்று இதைப் படிக்கலாமா? 2023 மார்ச்சில் கூடிய அமெரிக்க ஆலோசனைக் குழுவின் ஒன்பது வல்லுநர்களும், இப்புரதம் குறைவது நோயாளிக்கு நன்மை பயக்கும் என எதிர்பார்ப்பது நியாயமானதே என்று ஒருமனதாக வாக்களித்தனர். மருந்தின் பலன் ஐயமற நிறுவப்பட்டதா என்ற கேள்வியிலோ அதே குழுவில் மூவர் மட்டுமே ஆம் என்றனர். அந்த ஏப்ரலில் மருந்துக்கு விரைவு அனுமதி வழங்கப்பட்டது; ஏ.எல்.எஸ். மருந்து ஒன்றுக்கு ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் இறக்கத்தைச் சான்றாக ஏற்று அனுமதி தந்தது அதுவே முதன்முறை. 2024-இல் ஐரோப்பாவும் தனிச்சூழல் அனுமதியாக அதை ஏற்றது. சராசரியாக மூன்று முதல் ஐந்தாண்டுகளே வாழ்நாள் எஞ்சும் நோயாளிகளை, இன்னும் பெரிய ஆய்வொன்று முடியும்வரை காத்திருக்கச் சொல்லாத அம்முடிவு சரியானதே.

இப்போது கேள்வி இன்னும் முன்னே நகர்ந்திருக்கிறது. பிழையுள்ள எஸ்.ஓ.டி.1 மரபணுவைப் பெற்றோரிடமிருந்து பெற்றும், நோயின் சுவடேதுமின்றி நடமாடும் மனிதர்களிடம், முதல் தசை தளர்வதற்குப் பல மாதங்கள் முன்பே என்.எஃப்.எல். ஏறத் தொடங்குகிறது. 2021-இல் தொடங்கிய அட்லஸ் என்னும் பன்னாட்டு ஆய்வில் இத்தகையோரின் ரத்தம் குறித்த இடைவெளிகளில் அளக்கப்படுகிறது. எண் வரையறுத்த எல்லையைத் தாண்டியதும், அறிகுறிக்குக் காத்திராமல், அவர்களுள் ஒருசாராருக்கு டோஃபர்சனும் மறுசாராருக்கு வெற்று மருந்தும் தரப்பட்டு, நோய் வெளிப்படுவது தள்ளிப்போகிறதா என்று பார்க்கப்படுகிறது. நோய் தோன்றியவுடன் எந்தச் சாராராயினும் மருந்து உறுதி. இத்தகைய குடும்பங்களில் பிறந்தவர்கள் தம் மரபணுவையும் தம் ரத்தத்தின் எண்ணையும் அறிந்துகொள்ள விரும்புகிறார்களா என்பதைப் பரிசோதனைக்கு முன்பே மரபணு ஆலோசகர்கள் அவர்களோடு அமர்ந்து பேசுகின்றனர். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அந்தப் பேச்சின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது.